பாதியில் நிற்கும் ஒட்டுப்போர்வைகளை முடிப்போம்

(நமது அறக்கட்டளையின் மகளிர் தையல் வட்டம் உத்திரமேரூரில் நடத்திய கூட்டத்தில், வட்டத்தின் பொறுப்பாளர்கள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



அன்பிற்குரிய தாய்மார்களே, சகோதரிகளே, சாலவாக்கம், திருப்புலிவனம் பக்கமிருந்து வேலையைப் போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருக்கும் அக்கா தங்கைகளே, மதரஸா விட்டு நேராக இங்கே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் வட்டத்தின் சார்பில் எங்கள் ஸலாம்.

இன்று நாங்கள் புதிதாக எதையும் தொடங்கச் சொல்ல வரவில்லை. தொடங்கியதை முடிப்பதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அறக்கட்டளை அலமாரியைப் போன வாரம் ஒழித்துப் பார்த்தபோது, பாதியில் நின்றுபோன ஒட்டுப்போர்வைகள் 14 கிடைத்தன. சிலதில் மேல் துணி மட்டும் ஒட்டியிருக்கிறது, அடித்துணி இல்லை. சிலதில் நான்கு வரிசை ஓடி ஐந்தாவது வரிசையில் ஊசி அப்படியே குத்தி நிற்கிறது. உங்கள் ஒவ்வொருவர் வீட்டு டிரங்குப் பெட்டியிலும், பரணிலும் இதுபோல ஒன்றாவது இருக்கும் என்பது எங்கள் கணக்கு. இல்லை என்பவர்கள் கை தூக்கலாம்.

(யாரும் கை தூக்கவில்லை, சிரிப்பு.)

இதை ஏன் இப்போது பேசுகிறோம்? ஐப்பசி அடைமழை முடிந்து மார்கழி வரப்போகிறது. நம் ஊர்க் குளிர் ஊட்டிக் குளிர் அல்லதான். ஆனால் மழை ஊறிய தரை, ஏரிப்பக்கம் இருந்து வரும் ஈரக்காற்று, கதவிடுக்கில் நுழையும் விடியற்காலைப் பனி, இவை மூன்றும் சேர்ந்தால் சிமென்ட் தரையில் பாய் விரித்துப் படுக்கும் ஒரு மூதாட்டிக்கு அதுவே பெரிய குளிர். 2015 டிசம்பர் வெள்ளத்தை நம் மாவட்டம் மறந்திருக்காது. எத்தனையோ வீடுகளில் அன்று முதலில் நனைந்தது படுக்கைதான். அலமாரியில் இருக்கும் அந்தப் 14 போர்வைகளும் முடிந்திருந்தால் 14 பேர் இந்த மார்கழியில் நிம்மதியாகத் தூங்குவார்கள். முடியாமல் கிடந்தால் அவை போர்வைகள் அல்ல, பூச்சிக்குத் தீனி.

ஒட்டுப் போடுவது இழிவல்ல

முதலில் ஒரு கூச்சத்தைப் போக்கிவிடுவோம். "ஒட்டுத்துணிப் போர்வையா? வீட்டுக்கு யாராவது வந்தால் எடுத்து உள்ளே வை" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சொல்லி வளர்ந்தவர்கள்தான் நாம். கசக்கிக் கட்டுவதில் வெட்கமில்லை என்றால் ஒட்டிப் போர்த்துவதில் என்ன வெட்கம்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, தம் துணியைத் தாமே தைத்துக்கொள்வார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) சொன்னதாக அறிவிப்பு உண்டு. உமர் (ரலி) ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, அவர்களின் இரு தோள்களுக்கும் நடுவே ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் போட்ட சட்டையைத் தாம் பார்த்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இமாம் மாலிக்கின் முவத்தாவில் இது இருக்கிறது. பாரசீகமும் ஷாமும் யாருடைய ஆட்சியின் கீழ் இருந்தனவோ அவர் உடம்பில் மூன்று ஒட்டு. அந்த வரலாறு தெரிந்த நாம் நம் வீட்டு ஒட்டுப்போர்வையை ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

நம்மைப் போன்ற பெண்கள்

இந்த வேலை நமக்கு மட்டும் உரியதல்ல. வங்காளத்தில் இதைக் காந்தா என்கிறார்கள். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, அந்த நூலாலேயே தைப்பார்கள். சிந்துவிலும் ராஜஸ்தானிலும் கட்சிலும் ரல்லி என்று பெயர். அங்கே முஸ்லிம் பெண்களும் இந்துப் பெண்களும் மகள் கல்யாணத்துக்கென்று வருடக்கணக்கில் தைத்துச் சேர்ப்பார்கள். தெலுங்கு வீடுகளில் பொந்த. கன்னடத்தில் கவுதி.

நமக்கு மிகவும் பாடம் தரக்கூடியவர்கள் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு பகுதிக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி மக்கள். இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கோவாவில் போர்த்துகீசியரிடம் அடிமைகளாக இருந்து, தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குடியேறியவர்கள் இவர்களில் பலர். இன்று அவர்களில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், இந்துக்களும் இருக்கிறார்கள். 2003இல்தான் இம்மாவட்டச் சித்திகளுக்குப் பழங்குடி அந்தஸ்து கிடைத்தது.

சித்திப் பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வையின் பெயர் கவந்தி. அதை அவர்கள் தைக்கும் முறையைக் கவனியுங்கள். நாம் முதலில் துண்டுகளை எல்லாம் இணைத்து மேல் துணியைச் செய்கிறோம். பிறகு அதை அடித்துணியோடு சேர்க்கிறோம். பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நம் வேலை நின்றுபோகிறது. அவர்கள் அப்படிச் செய்வதில்லை. ஒரு பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, துண்டை வைத்து வைத்து ஓட்டுத்தையலால் நேரடியாக அதன் மேலேயே தைத்துக்கொண்டு, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். போர்வை நடுவில் வந்து முடிகிறது. எந்த நாளில் நிறுத்தினாலும் அதுவரை தைத்தது தைத்ததுதான், தனியாகத் தொங்கும் துணி ஒன்றும் இருக்காது. பெரிய இடமும் வேண்டாம், மடியில் வைத்தே தைக்கலாம்.

நான்கு மூலையிலும் மடித்த சிறு முக்கோணத் துண்டுகளை அடுக்கி வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூ என்றே பெயர். அந்தப் பூ இல்லாத போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். முஸ்லிம் பெண்கள் சிலர் பிறையை வைப்பார்கள், கிறிஸ்தவப் பெண்கள் சிலுவையை வைப்பார்கள். 2004இல் இவர்கள் போர்வை தைக்கும் பெண்களுக்கென ஒரு கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்தினார்கள். ஹென்றி டிரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர் அதற்கு உறுதுணையாக இருந்தார். 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் அந்தப் போர்வைகள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. காட்டோரக் குடிசையில் கிழிந்த சேலையில் தைத்த போர்வை அது.

அமெரிக்காவிலேயே அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்தவர்களின் சந்ததியார் வாழும் ஊர். வயலுக்குப் போட்டுத் தேய்ந்த கால்சட்டையையும் மாவு மூட்டைத் துணியையும் ஒட்டி அங்குள்ள பெண்கள் போர்வை தைத்தார்கள், வீட்டில் குளிர் தாங்கவில்லை என்பதற்காக. 1960களில் வாக்குரிமை கேட்டுப் போராடியபோது ஆற்றைக் கடக்க அவர்களுக்கு இருந்த படகுப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. அந்த வட்டாரப் பெண்கள் 1966இல் ஒரு தையல் கூட்டுறவைத் தொடங்கி, போர்வை விற்றுப் பணம் பார்த்தார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவர்கள் போர்வைகளைத் தபால்தலையில் அச்சிட்டது.

இவற்றையெல்லாம் சொல்வது பெருமைக்காக அல்ல. இந்த இரண்டு இடத்திலும் பெண்கள் தனித்தனியாகத் தைத்தவரை அது கிழிசல் வேலை, ஒன்றாக உட்கார்ந்தபோது அது வருமானமும் மரியாதையும் ஆனது. அதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

துணியைப் பிரிக்கும் விதம்

இனி வேலைக்கு வருவோம். போர்வை பாதியில் நிற்கப் பல நேரம் காரணம் நம் சோம்பல் அல்ல, ஆரம்பத்தில் துணியைச் சரியாகப் பிரிக்காததுதான்.

நம் வீடுகளில் கிடைக்கும் நல்ல துணி கைலி. குடியாத்தம் பக்கம் நெய்து வரும் பருத்திக் கைலி துவைக்கத் துவைக்க மென்மையாகும். உட்காரும் இடம்தான் முதலில் இற்றுப்போகும். இரண்டு கரைப் பக்கமும் கெட்டியாக இருக்கும், அங்கிருந்து வெட்டுங்கள். பருத்திச் சேலையில் கொசுவம் வரும் இடமும் தரையில் உரசும் கீழ்க்கரையும் நைந்திருக்கும். முந்தானைப் பக்கமும் உள்ளே செருகும் முனையும் நன்றாக இருக்கும். ஆண்கள் சட்டையில் காலரும் முழங்கையும் போய்விட்டாலும் முதுகுப் பக்கம் புதிதாகவே இருக்கும். டெய்லர் கடையில் கேட்டால் ஜாக்கெட் வெட்டிய பிட்டுத் துணியைப் பையில் போட்டுத் தருவார்கள்.

புர்கா துணி, ஷிஃபான், பளபளக்கும் சுடிதார் துணி இவையெல்லாம் பெரும்பாலும் பாலியெஸ்டர். வியர்வையை உறிஞ்சாது, தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சந்தேகம் இருந்தால் இரண்டு இழையை உருவி, இடுக்கியால் பிடித்து, பிள்ளைகள் இல்லாத இடத்தில் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் உதிரும். பாலியெஸ்டர் என்றால் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். அந்தத் துணி பைக்கும் திண்டு உறைக்கும் ஆகும், போர்வைக்கு வேண்டாம்.

புதுப் பிட்டுத் துணியைத் தைப்பதற்கு முன் கட்டாயம் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். பழைய துணி இனிச் சுருங்காது, புதுத்துணி சுருங்கும். இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே போர்வை அப்பளம்போல் சுருண்டுகொள்ளும். சிவப்பு, கருநீலத் துணிகளை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

98 துண்டுக் கணக்கு

பெரிதாக ஆசைப்பட்டுத் தொடங்குவதால்தான் பல போர்வைகள் நிற்கின்றன. "இரட்டைக் கட்டிலுக்கு" என்று ஆரம்பித்து, கட்டில் வாங்கி, கட்டில் பழசாகியும் போர்வை முடியாத வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு ஆள் போர்த்தும் அளவை எடுத்துக்கொள்வோம். மூன்றரை அடி அகலம், ஏழு அடி நீளம். ஆறு அங்குலக் கட்டமாகத் தைத்தால் அகலத்தில் 7, நீளத்தில் 14, ஆக 98 துண்டுகள். சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். பழைய காலண்டர் அட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டால் அளவு மாறாது.

ஒரு நாளைக்கு 4 துண்டு இணைத்தால் 25 நாளில் மேல் துணி முடிந்தது. நாலு துண்டுக்கு அரை மணி நேரம் போதும். ஐந்தரை மீட்டர்ப் பருத்திச் சேலை ஒன்றை ஏழு ஏழு அடியாக இரண்டாக மடித்தால், நடுவில் வைக்க ஒன்றும் அடியில் வைக்க ஒன்றும் கிடைக்கும். மீதமுள்ள நான்கு அடித் துண்டில் ஓரப்பட்டி வெட்டிக்கொள்ளலாம். நல்ல குளிருக்கு வேண்டும் என்றால் நடுவில் இன்னொரு சேலையை மடித்து வையுங்கள்.

அடுக்கியதைத் தைக்கும்போது துணி நகர்ந்து சுருக்கம் விழுவதுதான் எல்லோருக்கும் தொல்லை. தரையைத் துடைத்து அடித்துணியை இழுத்து விரித்து, அதன் மேல் மற்றவற்றை வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய தையலாகக் கச்சா தையல் போட்டுவிட வேண்டும். அதன்பிறகு மடியில் வைத்து நிதானமாக ஓட்டுத்தையல் போடலாம். இரண்டு பேர் உட்கார்ந்தால் இந்தக் கட்டம் ஒரே மாலையில் முடியும். தனியாக ஒருவர் செய்தால் மூன்று மாதம் தள்ளிப்போகும். கூடித் தைக்க வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நின்றுபோனதை மூன்றாகப் பிரிப்போம்

உங்கள் வீட்டில் நின்றுபோனவற்றை எடுத்து முற்றத்தில் விரியுங்கள். மூன்று வகையாகப் பிரியுங்கள்.

ஒன்று, இன்னும் ஒரு மாதம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்பவை. இவற்றை முதலில் எடுங்கள். அழகாக இருப்பதை எடுக்காதீர்கள், முடிவுக்கு அருகில் இருப்பதை எடுங்கள். ஒன்று முடிந்தால்தான் அடுத்ததற்குத் தெம்பு வரும்.

இரண்டு, நினைத்த அளவுக்கு இனி வளராது என்பவை. துணி தீர்ந்திருக்கும், அல்லது அந்த வண்ணம் மறுபடி கிடைக்காது. இவற்றைச் சிறிதாக்கிவிடுங்கள். 36 துண்டு இருந்தால் மூன்றடிக்கு மூன்றடி, ஒரு குழந்தைக்கான விரிப்பு. இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் முஸல்லா. அதைவிடக் குறைவாக இருந்தால் திண்டு உறை. போர்வையாக நினைத்தது முஸல்லாவாக முடிந்தால் அது தோல்வி அல்ல, முடிந்த ஒரு பொருள்.

மூன்று, நம் கையால் இனி ஆகாது என்பவை. கண் மங்கிவிட்டது, விரல் மூட்டு வலிக்கிறது, வேலைக்குப் போய் வீட்டுக்கு வரவே இரவாகிறது. செய்யாறு, ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய் வரும் பிள்ளைகளிடம் தினமும் அரை மணி நேரம் கேட்பது நியாயமில்லை. அவற்றை வட்டத்திடம் கொடுத்துவிடுங்கள். இன்னொருவர் முடிப்பார்.

சூரா அந்நஹ்லில், நூலை உறுதியாக நூற்ற பிறகு தானே அதைப் பிரித்துத் துண்டு துண்டாக்கிய பெண்ணைப்போல் ஆகிவிடாதீர்கள் என்ற கருத்தில் ஓர் உவமை வருகிறது. அது வாக்குறுதியை முறிப்பவர்களைப் பற்றியது. ஆனால் ஊசி பிடிக்கும் நமக்கு அந்த உவமை இன்னும் நெருக்கமாகப் புரியும். கோணலாக இருக்கிறது என்று மறுபடி மறுபடி பிரித்துத் தைப்பவர்கள் நம்மிடம் உண்டு. தையல் உறுதியாக இருந்தால் பிரிக்காதீர்கள். கோணல் கண்ணுக்குத் தெரியும், குளிருக்குத் தெரியாது.

விட்டுச் சென்றவர்களின் போர்வை

இதையும் பேசியாக வேண்டும். நம் ஜமாஅத்தில் ஒரு பெரியம்மா மவுத்தான பிறகு, அவர் பெட்டியில் பாதி தைத்த போர்வை ஒன்று இருந்தது. மகள்கள் அதைப் பார்க்கவும் முடியாமல், எறியவும் முடியாமல் இரண்டு வருடம் வைத்திருந்து, பிறகு வட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். எட்டு வரிசை அவர் தைத்தது. மீதி ஆறு வரிசையை வட்டத்தில் ஐந்து பேர் தைத்தார்கள். அவர் பச்சை நூலில் நெருக்கி நெருக்கித் தைத்திருந்தார், எங்கள் நூல் வெள்ளை. நூல் மாறும் இடம் நன்றாகத் தெரியும். பச்சை நூல் தேடி வாங்கிவிடலாமா என்று பேசினோம். மகள்கள் வேண்டாம் என்றார்கள். "அம்மா எதுவரை தைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியணும்" என்றார்கள். அந்தப் போர்வையை இப்போது பேரப்பிள்ளை போர்த்திக்கொள்கிறான்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இறந்தவரின் துணிமணிகளும் வாரிசுகளுக்குரிய சொத்துதான். நாமாக எடுத்து வெட்டிவிடக் கூடாது. வாரிசுகள் எல்லோரும் சம்மதித்த பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அத்தாவின் கைலி என்றால் அவனுக்கும் ஒரு துண்டு வேண்டியிருக்கலாம்.

கொடுப்பதும் விற்பதும்

தர்மத்துக்குத்தானே என்று கையில் கிடைத்த நைந்த துணியை வைத்துத் தைக்க வேண்டாம். நமக்கு ஒருவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்று இருக்கும் மட்டமான பொருளைத் தர்மத்துக்கென்று தேடி எடுக்காதீர்கள் என்பது சூரா அல்பகராவின் போதனை. கொடுக்கும் போர்வையை முதலில் நாமே ஓர் இரவு போர்த்திப் பார்க்கலாம். நமக்கு உறுத்தினால் அவர்களுக்கும் உறுத்தும். யாருக்குக் கொடுப்பது என்பதில் மதமோ தெருவோ பார்க்கப் போவதில்லை. குளிருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பிறந்த குழந்தைகளுக்கான விரிப்பில் தனிக் கவனம் வேண்டும். பொத்தான், ஜிகினா, ஜரிகை எதுவும் கூடாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது கனமான போர்வையை மேலே போர்த்தக் கூடாது, முகத்தில் ஏறி மூச்சுத் திணறும். மடியில் விரிக்கவும், விழித்திருக்கும்போது தரையில் விரித்துப் படுக்கவைக்கவும்தான் அது. பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைக் கைக்குழந்தைக்கு அப்படியே பயன்படுத்தவே கூடாது. சில குழந்தைகளுக்கு அந்த நாப்தலின் பட்டு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வந்துவிடும். கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு மடித்து வைத்தால் போதும்.

விற்பனைக்குத் தைப்பவர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. "பழைய துணிதானே, இருநூறு ரூபாய்க்குக் கொடுங்களேன்" என்று கேட்பார்கள். துணி பழையது, கை பழையது அல்ல. 98 துண்டு இணைக்கவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குமேல் வெட்டுவது, அடுக்குவது, கையால் முழுவதும் ஓட்டுத்தையல் போடுவது என்று இன்னும் பல நாள் வேலை இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்று நோட்டில் எழுதுங்கள். நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். அதைவிடக் குறைத்து விலை சொல்லாதீர்கள். ஒருவர் குறைத்துச் சொன்னால் பக்கத்து வீட்டு விதவைச் சகோதரிக்கும் அதே விலைதான் கிடைக்கும். தர்மத்துக்கு என்றால் முழுவதும் இலவசமாகக் கொடுப்போம். விற்பனை என்றால் உழைப்புக்குரிய விலையைக் கேட்போம். இரண்டையும் கலக்க வேண்டாம்.

கணக்கு எழுதுவது நம் ஊருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் இந்த உத்திரமேரூரில் பொறித்த குடவோலைக் கல்வெட்டில், வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வர முடியாது என்று எழுதியிருக்கிறது. ஆகவே வட்டத்துக்கு வரும் ஒவ்வொரு துணிப் பையும், வாங்கும் ஒவ்வொரு நூல் கண்டும், போகும் ஒவ்வொரு போர்வையும் நோட்டில் ஏறும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இனி செய்ய வேண்டியது

சகோதரிகளே, நாங்கள் கேட்பது சிறியது. ஒவ்வொருவரும் வீட்டில் நிற்கும் ஒரே ஒரு வேலையை அடுத்த சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் இங்கே கொண்டுவாருங்கள். புதிதாக எதையும் வெட்டாதீர்கள். மார்கழி முதல் தேதிவரை வட்டத்தில் புதுப் போர்வை எதுவும் தொடங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அலமாரியில் இருக்கும் 14 போர்வைகளையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வோம். ஊசியில் நூல் கோக்க முடியாத பெரியவர்களுக்குப் பின்வரிசைப் பிள்ளைகள் நூல் கோத்துக் கொடுப்பார்கள். பத்து ஊசியில் கோத்து வைத்துவிட்டுப் பிறகு விளையாடப் போகலாம்.

குறைவாக இருந்தாலும் விடாமல் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 4 துண்டு என்பதை அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். நம் கைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. இந்தக் குளிர்காலத்தில் போர்வையில்லாத ஒருவர்கூட நம் தெருவில் இல்லாமல் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.